யன்னல் யாரைப் பார்க்கிறது? கண்ணாடியும் மறைப்பும் பற்றி ஒரு வரலாற்றுக் குறிப்பு

எங்கள் வீட்டு மேல்மாடி வேலை முடிந்தது 2016ஆம் ஆண்டு, நோன்புக்கு ஒரு மாதம் முந்தி. கிழக்கில் எங்கட பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கடைசி மகளுக்குத் தனிக் காணி இல்லை என்பதால் இருந்த வீட்டுக்கு மேலேயே கட்டினோம். தெற்குப் பக்கம் காற்று வரும் என்று ஆறடி அகலத்தில் அலுமினியச் சட்டம் போட்ட ஒரு இழுவை யன்னல் வைத்தோம். குடிபுகுந்த மறுவாரமே மகள் சொன்னாள்: "வாப்பா, றோட்டால போறவங்களுக்கெல்லாம் உள்ளுக்குத் தெரியுது."

கல்முனைக்குப் போய் முகம் பார்க்கும் கண்ணாடி போல மின்னும் பிலிம் வாங்கிவந்து ஒட்டினோம். பகலில் வெளியே நின்று பார்த்தால் வானமும் தென்னை மரமும்தான் தெரியும். உள்ளேயிருந்து பார்த்தால் எல்லாம் துப்புரவாகத் தெரியும். மறைப்புப் பிரச்சினை தீர்ந்தது என்றே நினைத்தேன்.

இரண்டு மூன்று மாதத்தில் பக்கத்து வளவு மாமி தன் கிணற்றடிக்கு மேலால் நீலப் படங்கு ஒன்றை இழுத்துக் கட்டினா. சருகு விழாமல் இருக்கக் கட்டியிருக்கிறா என்று எண்ணிக்கொண்டேன். ஏறக்குறைய இரண்டு வருடம் அது அப்படியே கிடந்தது. ஒருநாள் என் மனைவி கந்தூரிச் சோறு கொண்டுபோன இடத்தில் பேச்சோடு பேச்சாக விசாரித்திருக்கிறா. மாமி தயங்கித் தயங்கிச் சொன்ன மறுமொழி இது: "உங்கட மேல் யன்னலுக்குத்தான் கட்டின, மகள். உள்ளுக்கு ஆள் நிக்கிறா இல்லையா எண்டு எனக்குத் தெரியாதே. நிண்டாலும் நிக்காட்டியும் எனக்கு ஒண்டுதான்."

இந்த ஒரு வார்த்தைதான் இக்கட்டுரையை எழுத வைத்தது. நம்மை யார் பார்க்கிறார்கள் என்ற கவலையில் பிலிம் ஒட்டிய நான், நம் யன்னல் யாரைப் பார்க்கிறது என்று கேட்கவே இல்லை. நம்முடைய வரலாறு முதலில் கேட்டது இந்த இரண்டாவது கேள்வியைத்தான் என்பது, கிதாபுகளைத் திரும்பப் புரட்டியபோதுதான் உறைத்தது.

வாசலின் ஓரம்

அந்நூர் அத்தியாயத்தின் 27ஆம் வசனம், பிறர் வீட்டுக்குள் அனுமதி பெறாமலும் ஸலாம் சொல்லாமலும் நுழைய வேண்டாம் என்று விசுவாசிகளுக்குக் கட்டளையிடுகிறது. உத்தரவு வீட்டில் இருப்பவருக்கு அல்ல, வருகிறவருக்கு. அதே அத்தியாயத்தில் பார்வையைத் தாழ்த்தும் கட்டளை 30ஆம் வசனத்தில் முதலில் ஆண்களுக்கு வருகிறது. பெண்களுக்கான கட்டளை 31ஆம் வசனத்தில்தான் தொடர்கிறது. இந்த வரிசையை நம்மவர்கள் அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

அபூதாவூதில் பதிவான ஓர் அறிவிப்பு நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. நபி (ஸல்) அவர்கள் ஒரு வீட்டுக்குப் போனால் வாசலுக்கு நேராக நிற்கமாட்டார்கள். வலப்பக்கமோ இடப்பக்கமோ ஒதுங்கி நின்றுதான் ஸலாம் சொல்வார்கள். அந்நாளில் வாசல்களுக்குத் திரைச்சீலை இருக்கவில்லை என்ற காரணமும் அந்த அறிவிப்பிலேயே சொல்லப்படுகிறது. திரை இல்லாத வீட்டுக்குத் திரையாக வந்தவரின் ஒழுக்கமே நின்றது.

ஸஹ்ல் இப்னு ஸஃத் (ரழி) அறிவிக்கும் இன்னொரு சம்பவம் புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. ஒருவர் நபியவர்களின் அறைக் கதவிலிருந்த துவாரத்தினூடாக எட்டிப் பார்த்தார். நபியவர்களின் கையில் தலை கோதும் இரும்புச் சீப்பு ஒன்று இருந்தது. பார்ப்பது தெரிந்திருந்தால் இதனாலேயே கண்ணில் குத்தியிருப்பேன் என்ற கருத்தில் கண்டித்துவிட்டு, அனுமதி கேட்பது சட்டமாக்கப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்று விளக்கினார்கள். கதவில் ஏன் துவாரம் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. கண் ஏன் அங்கே போனது என்பதுதான் கேள்வியாக இருந்தது.

ஃபுஸ்தாத்தில் ஒரு மேல்மாடி

இது தனிமனித ஒழுக்கமாக மட்டும் நிற்காமல் கட்டட விதியாகவும் மாறிய கதை எகிப்திலே தொடங்குகிறது. எகிப்தை வெற்றிகொண்ட அம்ர் இப்னுல் ஆஸ் (ரழி) அவர்கள் 641இல் நிறுவிய நகரம் ஃபுஸ்தாத். அங்கே முதன்முதலில் மேல்மாடி அறை கட்டியவர் காரிஜா இப்னு ஹுதாஃபா என்று 9ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் இப்னு அப்தில் ஹகம் எழுதுகிறார். செய்தி மதீனாவில் கலீஃபா உமர் (ரழி) அவர்களுக்கு எட்டியது. காரிஜா அண்டை வீடுகளின் மறைவிடங்களைப் பார்க்க விரும்புகிறார் போலும் என்று எண்ணிய உமர், அம்ருக்குக் கடிதம் எழுதினார்கள். அந்த அறையில் ஒரு கட்டிலைப் போட்டு, நெட்டையும் குட்டையும் அல்லாத ஒருவரை அதன்மேல் ஏற்றி நிறுத்திப் பார்க்க வேண்டும். அவருக்கு யன்னலால் அயல் வீடு தெரிந்தால் அறையை இடிக்க வேண்டும், தெரியாவிட்டால் விட்டுவிடலாம். இதுதான் கடிதத்தின் சாரம்.

இந்த உத்தரவின் அழகு அதன் எளிமையில் இருக்கிறது. கட்டியவரின் நோக்கம் நல்லதா கெட்டதா என்று விசாரணை இல்லை. ஒரு கட்டில், ஒரு நடுத்தர உயரமுள்ள மனிதன், ஒரு யன்னல், அவ்வளவே. கண்ணுக்கு எட்டுகிறதா இல்லையா என்பதை அளந்து பார்க்கலாம். 'நாங்க அப்படிப்பட்ட ஆக்களில்ல' என்ற சமாதானத்துக்கு இங்கே இடமில்லை.

பின்வந்த சட்ட அறிஞர்கள் இந்த வழியிலேயே போனார்கள். வட ஆபிரிக்காவின் கைரவானில் வாழ்ந்து 854இல் மறைந்த மாலிக் மத்ஹப் பேரறிஞர் ஸஹ்னூனிடம் ஒரு வழக்கு வந்தது. பள்ளிவாசல் மினாராவில் ஏறும் முஅத்தினுக்குச் சுற்றியுள்ள வீடுகளின் உட்புறம் தெரிகிறது. என்ன செய்வது? அதைத் தடுக்கும் உரிமை அயலவருக்கு உண்டு என்றார் ஸஹ்னூன். ஏறுகிறவர் முஅத்தின், ஏறுவது பாங்கு சொல்ல. ஆனாலும் அயலவரின் முற்றத்துக்குரிய உரிமை குறையவில்லை. 14ஆம் நூற்றாண்டில் தூனிஸ் நகரில் காழிக்கு ஆலோசகராக இருந்த இப்னுர் ராமி என்ற மேசன், இப்படிப்பட்ட வழக்குகளையெல்லாம் திரட்டிக் கட்டடச் சட்டம் பற்றித் தனி நூலே எழுதினார். சுவர் கட்டத் தெரிந்த கைதான் அந்த நூலையும் எழுதியது என்பது குறிப்பிடத்தக்கது.

குசினி, கிணறு, முற்றம்

உஸ்மானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை அஹ்மத் ஜவ்தத் பாஷாவின் தலைமையில் தொகுத்த 'மஜல்லா' என்ற சிவில் சட்டக்கோவையில் 1851 விதிகள் உள்ளன. ஹனஃபி மத்ஹபை அடிப்படையாகக் கொண்டது அது. நாம் ஷாஃபிஈகள், நம் நாட்டில் அது ஒருபோதும் சட்டமாக இருந்ததில்லை. ஆனாலும் அதன் 1202ஆம் விதியை வாசிக்கும் எவருக்கும் தன் ஊர் வளவு கண்முன் வரும். பெண்கள் புழங்கும் இடங்களாக அந்த விதி மூன்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது: குசினி, கிணற்றடி, வீட்டு முற்றம். இவற்றைப் பார்க்கும்படி புதிதாக யன்னல் திறந்தால் அது அயலவருக்கு இழைக்கப்படும் கடும் தீங்கு. தீங்கை நீக்க வேண்டியவர் யன்னல் வைத்தவர். சுவர் எழுப்பியோ பலகைத் தட்டி அடித்தோ அவர் மறைக்க வேண்டும். ஆனால் யன்னலை அறவே அடைத்துவிடும்படி அவரை வற்புறுத்த முடியாது. வெளிச்சமும் காற்றும் அவருக்கும் வேண்டும் என்பதைச் சட்டம் மறக்கவில்லை.

அடுத்த விதி, ஆள் உயரத்துக்கு மேலே உள்ள யன்னலைப் பற்றியது. ஏணி வைத்து ஏறிப் பார்க்கக்கூடும் என்ற சந்தேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதை மூடச் சொல்ல முடியாது. 1205ஆம் விதி இன்னும் சுவையானது. ஒருவரின் தோட்டத்தில் பழமரம் நிற்கிறது. அதில் ஏறினால் அயல் வீட்டுப் பெண்கள் இருக்கும் இடம் தெரியும். மரம் அவருடையதுதான், ஏறும் உரிமையும் உண்டு. ஆனால் ஒவ்வொரு தடவை ஏறும்போதும் முன்கூட்டி அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் ஏறினால் நீதிமன்றம் தடுக்கும்.

இதை வாசித்தபோது என் சின்ன வயது நினைவுக்கு வந்தது. எங்கள் வளவுக்குத் தேங்காய் பறிக்க வருகிறவர் தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டு, ஏறுமுன் நாலா பக்கமும் கேட்கக் குரல் கொடுப்பார்: "மரத்தில ஏறுறன், புள்ளயள்!" அயல் வளவுக் கிணற்றடியில் வாளிச் சத்தம் நிற்கும். கொஞ்சம் பொறுத்துத்தான் ஏறுவார். அவர் மஜல்லாவைக் கண்டவருமில்லை, கேட்டவருமில்லை. நம் நாட்டில் 1806இல் தொகுக்கப்பட்ட முகம்மதியச் சட்டக்கோவை திருமணத்தையும் வாரிசுரிமையையும் பற்றியது. யன்னலும் மரமும் ஊர் வழக்கத்தின் பொறுப்பிலேயே இருந்தன. அந்த வழக்கம் அவருடைய தொண்டையில் இருந்தது.

என் பிலிம் ஒட்டிய யன்னலை இந்த மரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மரத்தில் ஏறுகிறவர் தான் இருப்பதை அறிவிக்கிறார். பிலிம், உள்ளே இருப்பவர் இருப்பதையே மறைக்கிறது. மாமி சொன்னதன் பொருள் இதுதான்.

மஷ்ரபிய்யா செய்தது என்ன?

'அப்படியானால் வெளியே பார்ப்பதே பிழையா?' என்று யாரும் கேட்கலாம். இல்லை. தெரு எல்லோருக்கும் பொதுவானது. நூல்கள் தடுத்தது தெருவைப் பார்ப்பதை அல்ல, அயலவரின் உட்புறத்தைப் பார்ப்பதை. இந்த வேறுபாட்டை மரத்தில் செதுக்கிக் காட்டியது கெய்ரோவின் மஷ்ரபிய்யா.

சுவரிலிருந்து தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் மரச்சல்லடைப் பெட்டி போன்ற யன்னல் அது. கடைந்தெடுத்த சின்னச் சின்ன உருளைக் கட்டைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகிச் செய்வார்கள். சொல்லின் வேர் பற்றி இரண்டு விளக்கங்கள் உண்டு. தண்ணீர்ச் சாடிகளைக் குளிர்விக்க அங்கே வைப்பதால் 'குடித்தல்' என்ற வேரிலிருந்து வந்தது என்பது ஒன்று. 'உயரத்திலிருந்து பார்த்தல்' என்ற வேரிலிருந்து வந்தது என்பது மற்றது. இரண்டும் அதற்குப் பொருந்தும். எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹஸன் ஃபத்ஹி 1986இல் வெளிவந்த தன் நூலில் மஷ்ரபிய்யாவுக்கு ஐந்து வேலைகளைக் கணக்கிடுகிறார்: வெளிச்சத்தை அளவாக்குவது, காற்றை விடுவது, காற்றைக் குளிர்விப்பது, அதற்கு ஈரம் சேர்ப்பது, வீட்டுக்கு மறைப்புத் தருவது. கண் மட்டத்தில் சல்லடைக் கண்கள் நெருக்கமாக இருக்கும், மேலே போகப் போக அகலமாகும். கீழ்ப்பகுதி மறைப்புக்கு, மேற்பகுதி காற்றுக்கு.

கெய்ரோவில் தர்புல் அஸ்ஃபர் ஒழுங்கையிலுள்ள பைத்துஸ் ஸுஹைமி என்ற வீட்டை இன்றும் போய்ப் பார்க்கலாம். அதன் பழைய பகுதி 1648இல் கட்டப்பட்டது. வாசலால் உள்ளே போனால் வழி வளைந்துதான் முற்றத்தைச் சேரும். கதவு திறந்து கிடந்தாலும் தெருவில் நிற்பவருக்கு முற்றம் தெரியாது. பெரிய யன்னல்கள் உள்முற்றத்தைப் பார்க்கின்றன. தெருப்பக்கம் உள்ளவற்றுக்கு மஷ்ரபிய்யா. பெண் அங்கே அமர்ந்து தெருவைப் பார்த்தாள், காற்று வாங்கினாள், வருகிறவர் யார் என்று அறிந்தாள். மறைப்பு அவளுடைய கண்ணைக் கட்டவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

கண்ணாடி வந்த வழி

ஓட்டையில்லாமல் வெளிச்சம் விடும் பெரிய கண்ணாடி மனித வரலாற்றில் மிகப் பிந்திய பொருள். 1851இல் இலண்டனில் எழுந்த பளிங்கு மாளிகைக்குச் சான்ஸ் சகோதரர்கள் கம்பனி ஏறத்தாழ 3 இலட்சம் கண்ணாடித் தகடுகளைச் செய்து கொடுத்தது. ஊதி உருளையாக்கி, வெட்டி விரித்துச் செய்த தகடுகள் அவை. நாம் இன்று வாங்கும் அலை இல்லாத தட்டைக் கண்ணாடிக்கு வழி திறந்தது 1950களில். இங்கிலாந்தில் பில்கிங்டன் கம்பனியின் அலஸ்டயர் பில்கிங்டன், உருகிய கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிடும் முறையைச் சரிசெய்து 1959இல் அறிவித்தார். பெரிய கண்ணாடி மலிந்தது அதற்குப் பிறகுதான்.

கண்ணாடி மலிந்ததும் அதை மறைக்கும் வேலையும் தொடங்கியது. பிலடெல்பியாவைச் சேர்ந்த பெஞ்சமின் டில்மன், மணலை வேகமாகப் பாய்ச்சிக் கண்ணாடியைச் சொரசொரப்பாக்கும் முறைக்கு 1870இல் காப்புரிமை பெற்றார். இன்று குளியலறைக்குப் போடும் மங்கல் கண்ணாடியின் மூத்த வழி அது. வழவழப்பான கண்ணாடியில் ஒளி நேராகப் போகும், சொரசொரப்பில் நாலா பக்கமும் சிதறும். உருவம் கலங்கும், வெளிச்சம் நிற்கும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சொரசொரப்பான பக்கத்தில் தண்ணீர் பட்டால் பள்ளங்கள் நிரம்பிக் கண்ணாடி கிட்டத்தட்டத் தெளிந்துவிடும். ஆகவே குளியலறையில் வழவழப்பான பக்கம் உள்ளே வர வேண்டும். மாற்றிப் பொருத்திவிட்டு 'மறைப்புக் கண்ணாடிதானே' என்று நிம்மதியாக இருக்கிற வீடுகளை நான் கண்டிருக்கிறேன். இன்னொன்று, ஆள் கண்ணாடியை நெருங்க நெருங்க உருவம் தெளிவாகும். கண்ணாடியோடு ஒட்டி நின்றால் மங்கல் கண்ணாடி அதிகம் மறைக்காது.

ஒருபக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்கு அமெரிக்காவில் எமில் பிளாக் என்பவர் 1903இல் காப்புரிமை பெற்றார். யன்னலில் ஒட்டும் பிலிமுக்கு 3எம் கம்பனி 1966இல் காப்புரிமை பெற்றது. அன்று அதன் நோக்கம் வெயிலைத் தடுப்பதே. இரண்டின் தந்திரமும் ஒன்றுதான். மெல்லிய உலோகப் பூச்சு ஒளியில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகிறது, ஒரு பங்கை விடுகிறது. வெளிச்சம் கூடிய பக்கத்தில் நிற்பவருக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி. இருண்ட பக்கத்தில் நிற்பவருக்கு அது யன்னல். கண்ணாடிக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் என்று கிடையாது. வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் காட்டிக்கொடுக்கப்படும்.

மூன்று நேரங்கள்

இந்த இடத்தில் அந்நூர் அத்தியாயத்தின் 58ஆம் வசனத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. வீட்டுக்குள்ளேயே புழங்கும் பணியாட்களும் சிறுபிள்ளைகளும்கூட அனுமதி கேட்டே வரவேண்டிய மூன்று நேரங்களை அது குறிப்பிடுகிறது: சுபஹுத் தொழுகைக்கு முன், உடை களைந்து ஓய்வெடுக்கும் நண்பகல், இஷாத் தொழுகைக்குப் பின். இவற்றை மனிதரின் மறைவு நேரங்கள் என்கிறது வசனம்.

இப்போது பிலிமை இந்த மூன்று நேரத்திலும் சோதித்துப் பாருங்கள். நண்பகலில் வெளியே வெயில், உள்ளே நிழல்; மறைக்கும். சுபஹுக்கு முன் வெளியே இருட்டு, உள்ளே லைட் எரியும், காட்டும். இஷாவுக்குப் பின்னும் அப்படியே. மூன்றில் இரண்டு நேரம் அது நம்மைக் கைவிடுகிறது. மறைப்பு இருக்கிறது என்ற நம்பிக்கையில் சீலையும் இழுத்துவிடாமல் இருப்போம். தெருவில் போகிறவருக்கு மண்டபம் முழுவதும் படம் ஓடுவது போலத் தெரியும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. இஷா முடிந்து பள்ளியிலிருந்து வரும்போது நானே ஒருநாள் கண்டு திடுக்கிட்டேன். பகலில் நாங்கள் மாமியைப் பார்க்கக்கூடியவர்களாகவும், இரவில் ஊர் எங்களைப் பார்க்கக்கூடியதாகவும் ஒரே தாள் செய்திருந்தது.

நம் வளவுகளில்

நம் முன்னோர் கண்ணாடிக்கு முந்திய காலத்தில் என்ன செய்தார்கள்? கிழக்கில் வளவைச் சுற்றிக் கிடுகு வேலி. வருடா வருடம் அடைத்துப் புதுப்பிப்பது. கிணற்றடிக்குத் தனி மறைப்பு. வாசலுக்கு நேரே உள்வீடு தெரியாமல் ஒரு சீலையோ தட்டியோ. விறாந்தையில் வெயிலுக்கும் கண்ணுக்கும் சேர்த்துச் சுருட்டி விடும் மூங்கில் தட்டி. காலிக் கோட்டையின் பழைய வீடுகளில் தெருவோர விறாந்தைக்கு மரச்சட்டத் தட்டிகள். இவை எல்லாம் காற்றை விட்டன. உள்ளே இருந்த உம்மாமார் வேலி நீக்கலால் தெருவைக் கண்டார்கள், மீன்காரனைக் கூப்பிட்டார்கள், மாப்பிள்ளை ஊர்வலம் பார்த்தார்கள்.

1978 நவம்பர் சூறாவளியில் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத் தென்னைகள் சாய்ந்தன, ஓலைக் கூரைகள் பறந்தன. அதற்குப் பிறகு வேலி இருந்த இடங்களில் மெல்ல மெல்லத் தகரமும் மதிலும் ஏறின. 1977இன் திறந்த பொருளாதாரம் இறக்குமதிக்கு வழிவிட்டது. அரபு நாடுகளில் உழைத்த காசு வீடாக வந்தது. வந்தவர்கள் அங்கே கண்ட பெரிய கண்ணாடி யன்னல்களை இங்கேயும் வைத்தார்கள். ஆனால் அங்கே உள்ளே ஏசி ஓடியது. இங்கே கச்சான் காற்றில் யன்னலைத் திறக்காமல் இருக்க முடியாது. திறந்தால் மறைப்பில்லை, மூடினால் புழுக்கம். இரண்டுக்கும் நடுவில் தவித்தது பகல் முழுவதும் வீட்டில் இருந்த பெண்கள்தான்.

வீடு பெண்ணின் பெயரில் உறுதி எழுதப்படும் நம் ஊரில், யன்னல் எங்கே, எந்த உயரத்தில் என்று முடிவு செய்வது வாப்பாவும் மேசனும் அலுமினிய வேலைக்காரரும். குசினிக்குள் நிற்பவளிடம் கேட்பதில்லை. அடுத்த வளவில் நிற்பவளிடம் கேட்கவே வேண்டியதில்லை என்று நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பழைய வேலியை இன்று யாரும் திரும்ப அடைக்கப் போவதில்லை. ஆனால் வேலிக்கு ஒரு எல்லை இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். அது தரையில் நிற்பவரின் கண்ணிலிருந்து மட்டும்தான் மறைத்தது. எல்லோரும் தரையில் வாழ்ந்த ஊருக்கு அது போதும். பத்தடி உயரத்தில் ஒரு கண் திறந்ததும் ஆளுயர மறைப்பெல்லாம் வீணாகிவிட்டது. ஃபுஸ்தாத்தில் நடந்ததும் இதுவேதான். மேல்மாடிக்குப் பழகாத ஊரில் முதல் மேல்மாடி எழும்போது, புதிய பொறுப்பு கட்டியவர் தலையில் விழுகிறது. நம் ஊர்கள் இப்போதுதான் மேல்நோக்கி வளர்கின்றன. காணி சுருங்கச் சுருங்க இந்த வழக்கு ஒவ்வொரு ஒழுங்கையிலும் வரத்தான் போகிறது.

நம் நாட்டிலேயே இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. முஸ்லிம் பாட்டனாரைக் கொண்ட கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா, 1960களின் தொடக்கத்தில் ஈனா டி சில்வாவுக்காகக் கொழும்பில் கட்டிய வீடு, தெருவுக்கு மதிலைக் காட்டி உள்ளே முற்றத்தைப் பார்த்தது. அந்த வீடு பின்னர் கழற்றப்பட்டு லுணுகங்கவில் மீண்டும் எழுப்பப்பட்டது. நெருக்கமான நகரக் காணியிலும் வெளிச்சம், காற்று, மறைப்பு மூன்றும் சேர்ந்து கிடைக்கும் என்பதற்கு அது சாட்சி. பெரிய செலவில்லாத வழிகளும் உண்டு: துவாரம் விட்டு வார்த்த சீமெந்துப் பூக்கல், சாய்வுப் பலகை, கண் மட்டத்துக்கு மேலே திறக்கும் யன்னல். சாய்வுப் பலகையில் ஒரு கவனம் தேவை. மழைநீர் வெளியே வடியும்படி வழக்கமாகச் சாய்த்து அடித்தால், மேல்மாடியில் நிற்பவருக்கு அதன் இடைவெளியால் கீழேதான் தெரியும். தரை வீட்டுக்கு நல்லது, மேல்வீட்டுக்கு நல்லதல்ல.

கட்டிலும் வாளியும்

மாமியின் மறுமொழி வந்த அன்று அஸருக்குப் பிறகு மேல்மாடிக்குப் போனேன். மகளின் கட்டிலை யன்னலண்டை இழுத்துப் போட்டு ஏறி நின்றேன். மருமகன் சிரித்தார்: "என்ன மாமா, பல்பு மாத்துறயளா?" நான் நடுத்தர உயரம்தான். படங்கின் ஓரத்தால் மாமியின் வாளியும் கயிறும் துவைகல்லும் தெரிந்தன. கீழே இறங்கித் தரையில் நின்றேன். அப்போதும் தெரிந்தன. உமர் (ரழி) அவர்களின் சோதனையில் என் யன்னல் தோற்றது.

மேசனைக் கூப்பிட்டு யன்னலின் கீழ்ப்பகுதியைக் கல் வைத்து ஆறடிக்கு உயர்த்தினோம். மேலே மிஞ்சிய ஒன்றரை அடிக்குத் தெளிவான கண்ணாடி, பிலிம் இல்லை. மேல்பக்கம் கீல் வைத்து வெளியே தள்ளித் திறக்கும்படி ஓடாவி சட்டம் செய்து தந்தார். கட்டிலை எதிர்ச் சுவருக்கு மாற்றினோம். காற்று குறைந்துவிடும் என்று பயந்தேன். சூடு மேலேதானே சேரும், அதுவும் அந்த வழியால் போனது. றோட்டைப் பார்க்க மகளுக்கு ஒரு இடம் வேண்டுமே என்று கிழக்கு விறாந்தைக்கு மரத்தட்டி அடித்தோம். அங்கிருந்து தெரிவது தெரு மட்டும்தான். இப்போது அவள் பிள்ளையைப் பள்ளிக்கூட வேனுக்கு ஏற்றுவதை அங்கேயிருந்துதான் பார்க்கிறாள்.

எல்லாவற்றுக்கும் எனக்குச் செலவானது அந்தப் பிலிமுக்கும் இழுவை யன்னலுக்கும் கொடுத்ததைவிடக் குறைவு. செலவு அதுவல்ல. இரண்டு வருடம் ஒரு வயதான மனுசி சொந்தக் கிணற்றடியில் வானத்தைக் காணாமல் குளித்தா என்பதுதான் கணக்கில் வராத செலவு. அவ ஒருநாளும் என் வாசலுக்கு வந்து முறையிடவில்லை. முறையிட வேண்டிய தேவையே வரக்கூடாது என்றுதான் அந்த விதிகளெல்லாம் எழுதப்பட்டன.

வீடு கட்டுகிறவர்களிடம் நான் இப்போது இரண்டு காரியம் சொல்வதுண்டு. கண்ணாடி வாங்கப் போகுமுன் உங்கள் யன்னல் வரப்போகும் உயரத்தில் ஏறி நின்று அயல் வளவைப் பாருங்கள். கண்ணாடி போட்ட பிறகு, இஷா முடிந்து லைட்டெல்லாம் எரியும்போது றோட்டில் நின்று உங்கள் வீட்டைப் பாருங்கள். இந்த இரண்டுக்கும் காசு போகாது.

வேலை முடிந்து ஒரு மாதம் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை காலை மாமி படங்கின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தா. அதை உதறி, முற்றத்தில் விரித்து, நெல்லைக் கொட்டிப் பரவினா. என்னைக் கண்டும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.